நடு மிதி

பஸ் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு வண்டியில் ஒரு மிதிகூடச் சொந்தமில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை வெறும் பலகையில் மிதித்து மிதித்தே என் வலது செருப்பு எப்போதும் இடது செருப்புக்கு முன்னால் தேய்ந்துவிடும்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே வண்டி விட்டுக்கொண்டிருந்த ஒரு சின்ன பஸ் கம்பெனியில் எனக்கு அந்த வேலை. புதிதாக வருகிறவனைப் பழக்கி, ஆள் தேறிவிட்டான் என்று மானேஜரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் மாஸ்டர்தான். தங்கைக்குத் தையலோ, மச்சானுக்கு சைக்கிளோ சொல்லிக்கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன். ஒருவனுக்கு ஒன்றைப் பழக்கிவிடலாம், அது பெரிய வித்தை இல்லை. பழகியதைத் திரும்பப் பிடுங்குவதுதான் பெரும்பாடு. அப்படிப் பிடுங்க முடியாமல் மாசிலாமணி என்கிற ஒரு மனிதரின் பிழைப்பு போனதையும், கூடவே ஒரு பெண்ணின் உயிர் போனதையும் இங்கே மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

மூக்கணாங்கயிறு

வளவனூர்ப் பக்கத்தில் கரும்பு போடுகிறவர் ஒருவர் பழைய ஜீப் ஒன்றை வாங்கிவிட்டார். முதலாளிக்கு வேண்டியவர் என்பதால் அவரைப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வயது நாற்பத்தைந்துக்கு மேல். பத்தே நாளில் நேர் ரோட்டில் குற்றம் சொல்ல முடியாமல் ஓட்டினார். பதினோராம் நாள் ஏரிக்கரை வளைவில் எதிரே ஒரு லாரி வந்தது. மனிதர் பிரேக்கைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, மார்போடு சேர்த்து இழுத்தார். வாயிலிருந்து வண்டிமாட்டை நிறுத்தும் சத்தம் வந்தது. ஜீப் யார் பேச்சையும் கேட்காமல் கரையை விட்டு இறங்கி வாய்க்காலில் கவிழ்ந்தது.

எனக்குப் போனது இரண்டு பல். அவருக்குத் தொடை எலும்பு. இனிமேல் வரப்பில் நடப்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது என்மேல் பாய்வார் என்று பயந்துகொண்டேதான் போனேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இழுத்தா நிக்கும்னுதான் மாஸ்டர் முப்பது வருஷமா ஓட்டிக்கினு வந்தேன்."

பழைய வண்டி

மாசிலாமணி என்னிடம் வந்தது இதற்குக் கொஞ்சம் முன்னால். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பதுக்குப் பக்கம். வானூர்ப் பக்கம் ஒரு சேரிக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி. இவர் மட்டும் எங்கள் ஷெட்டில் வண்டி கழுவ வந்து, ஆறு வருஷம் கழுவி, ஒருநாள் மானேஜரிடம் தானும் ஓட்டப் பழகுவதாகத் துணிந்து கேட்டுவிட்டார். அவர் குடும்பத்தில் காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் அவர்தான்.

அப்போது எங்களிடம் இருந்தவை வெள்ளைக்காரன் காலத்துப் பழைய பஸ்கள். அவற்றில் இடது ஓரம் கிளட்ச், நடுவில் ஆக்சிலேட்டர், வலது ஓரம் பிரேக். இப்போதைய வண்டிகளை ஓட்டுகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். இப்போது நடுவில் இருப்பது பிரேக், வலது ஓரம் ஆக்சிலேட்டர். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அதுதான் நேர். கிளை வெட்டிய புளியங்குச்சி ஒன்று வைத்திருந்தேன். "பிரேக்" என்று கத்துவேன். கால் வலது ஓரத்துக்குப் போகாவிட்டால் முழங்காலுக்குக் கீழே ஒன்று விழும். யோசித்து மிதிக்கிறவன் ஆளைக் கொன்றுவிடுவான், யோசனை வருவதற்கு முன்னால் கால் போக வேண்டும் என்பது என் பாடம். மூன்று மாதத்தில் மாசிலாமணியின் கால் அப்படித்தான் போயிற்று. நான் பழக்கியவர்களில் அவரைப் போல ஒருவர் கிடையாது. கடலூருக்குப் போய் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்த அன்று கணுக்காலைத் தடவிக்கொண்டு அவர் சொன்னது: "இனிமே நான் மறந்தாலும் இது மறக்காது மாஸ்டர்."

கேட்டால் தெரியாது

இன்னொரு டிரைவருக்கு நெஞ்சில் டி.பி. வந்து ஆஸ்பத்திரியிலேயே மூன்று வருஷத்துக்கு மேல் கிடந்தார். திரும்பி வந்தபோது சட்டைக்குள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை. மறுபடி வண்டி கொடுக்கலாமா என்று பார்க்கச் சொன்னார்கள். இரண்டாவது கியர் எந்தப் பக்கம் என்று கேட்டேன். விழித்தார். விக்கிரவாண்டி தாண்டி எந்த இடத்தில் கியரைக் குறைக்க வேண்டும் என்றேன். அதுவும் தெரியவில்லை. எல்லாம் போய்விட்டது என்று அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சும்மா உட்காருங்கள் என்று ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காரவைத்தேன். கிளப்பினார். நான் வாயே திறக்கவில்லை. திண்டிவனம் வரை போய், வெற்றிலை வாங்கிக்கொண்டு, திரும்பியும் வந்தோம். ஒரு கியர் தப்பவில்லை, ஒரு வளைவு பிசகவில்லை. அடுத்த மழைக்காலம் வரைகூட அவர் இருக்கவில்லை, அது வேறு விஷயம். ஷெட்டில் இறங்கும்போது அவர் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேட்டா தெரியலீங்க மாஸ்டர், வுட்டா தெரியுது."

புது வண்டி

அறுபதுகளின் நடுவில் முதலாளி பழைய பஸ்களைத் தள்ளிவிட்டுப் புதிய டீசல் வண்டிகளாக வாங்கினார். அவற்றில் பிரேக் நடுவே வந்துவிட்டது. ஆக்சிலேட்டர் வலது ஓரம் போய்விட்டது. இளவட்டங்கள் எல்லாம் வெளியில் லாரியில் பழகியவர்கள், அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. பழைய வண்டியைத் தவிர வேறெதையும் தொடாதவர் மாசிலாமணி ஒருவர்தான். பன்னிரண்டு வருஷம் ஒரே மாதிரி வண்டி, ஒரே ரோடு, ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

கடைசிப் பழைய பஸ் ரோட்டை விட்டு இறங்க ஒரு மாதம் இருந்தது. அதற்குள் தேறினால் டிரைவர், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று மானேஜர் சொல்லிவிட்டார். மறுபடி வண்டி கழுவுகிறேன் என்று மாசிலாமணி கேட்டும் பார்த்தார். அதற்கு வேறு ஆள் இருக்கிறது என்றார்கள். சம்சாரத்தை நடவுக்கும் களையெடுப்புக்கும் அனுப்புவதில்லை என்று காக்கி போட்ட வருஷமே அவர் முடிவு செய்திருந்தார். வேலை போனால் இரண்டு பேரும் அதே வயலில் போய் நிற்க வேண்டும், அதே ஆட்களிடம். எனக்கு அது தெரியும், அவருக்குத் தெரியாதா. மானேஜர் அறையை விட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போட்டவரே எடுத்துடுங்க மாஸ்டர்."

மூன்று செங்கல்

எடுக்க முடிந்தால் எடுத்திருக்க மாட்டேனா. புது வண்டியில் அவரை உட்காரவைத்த முதல் வாரம் எனக்கு மறக்காது. காலி மைதானத்தில் மெதுவாகப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். பிரேக் எங்கே என்று கேட்டால் பள்ளிக்கூடப் பையனைப் போல நடுவில் என்பார். திடீரென்று "பிரேக்" என்று கத்தினால் கால் வலது ஓரத்துக்குப் போய், எஞ்சின் கூச்சல் போடும். இப்போது குச்சியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாற்பதைத் தாண்டியவரை எப்படி அடிப்பது, அதுவும் நான் சொன்னதை அப்படியே செய்ததற்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காலுக்கு முன்னால் மூன்று செங்கல். நடுச் செங்கல்மேல் சுண்ணாம்பு பூசியிருந்தது. உள்ளே அவர் சம்சாரம் ரோசம்மாள் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தார். கிண்டுகிறபோதே திடீர் திடீரென்று "பிரேக்கு" என்று குரல் கொடுப்பார். வாசலில் இவர் காலைச் சுண்ணாம்புக் கல்லில் வைப்பார். நான் இருந்த அரைமணி நேரத்தில் நாற்பது தடவையாவது நடந்திருக்கும். ஒரு தடவை மட்டும் தவறியது. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த ரோசம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னார்: "படுத்தாலும் அந்தக் காலு நிக்க மாட்டேங்குதுங்க, வலிச்சி வலிச்சி இழுக்குது."

ஆடு

அவர்கள் பட்ட பாட்டுக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. மூன்றாவது வாரம் முடிவதற்குள் கத்தினாலும் கால் நடுவுக்குப் போயிற்று. நான் சந்தோஷப்பட்டேன். பயணிகள் இல்லாமல் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் தினம் இரண்டு நடை போய் வந்தோம். ஒரு பிசகும் இல்லை. கடைசி வாரத்தில், விக்கிரவாண்டிக்குச் சற்று முன்னால், புளியமரத்தடியிலிருந்து ஒரு ஆடு குறுக்கே ஓடியது. நான் கத்தவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. எஞ்சின் ஒருமுறை உறுமியது. அரை விநாடிதான். உடனே கால் நடுவுக்கு மாறி வண்டி நின்றது. ஆடு அந்தப் பக்கம் போய் மேய ஆரம்பித்துவிட்டது.

சொல்லிவைத்துக் கத்துவது வேறு, ஆடு வருவது வேறு என்பது எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. வளவனூர்க்காரர் இழுத்த இழுப்பு நினைவுக்கு வந்தது. இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்று மானேஜரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆளை அனுப்பிவிட்டு வேறு ஆளை வைப்பார், அவ்வளவுதான். மறுநாள் மாசிலாமணி தேறிவிட்டார் என்று கையெழுத்துப் போட்டேன். ஆட்டைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவர் கேட்டது இதுதான்: "ஒரே ஒரு தபாதானே மாஸ்டர்?"

வேப்பமரத்தடி

எட்டு மாதம் அவர் புது வண்டி ஓட்டினார். யாருக்கும் ஒரு புகார் இல்லை. ரோசம்மாளுக்குக் காலாண்டுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தார். எனக்கும் ஆடு மறந்துபோய்விட்டது.

திண்டிவனம் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில், அஞ்சலை என்று ஒரு அம்மாள் பானை வைத்து மோர் விற்பார். எங்கள் டிரைவர்கள் எல்லோரும் அங்கேதான் குடிப்பார்கள், மாசிலாமணியும்தான். அன்று காலை பத்து மணிக்கு வண்டி மெதுவாகத்தான் உள்ளே திரும்பியிருக்கிறது. சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வந்தவன் தடுமாறிக் குறுக்கே விழுந்தான். அவனைத் தப்பவைக்க மாசிலாமணி ஸ்டியரிங்கை மரத்துப் பக்கம் ஒடித்துவிட்டு, பன்னிரண்டு வருஷத்துப் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை, பாய்ந்தது. சைக்கிள்காரன் பிழைத்தான். அஞ்சலை பானையோடு போய்விட்டார்.

வண்டி நிற்கவில்லை என்றால் பிரேக்கை இன்னும் அழுத்தத்தான் எந்த டிரைவருக்கும் தோன்றும். அவரும் அழுத்தியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் அவரை அடித்து ஓய்ந்திருந்தது. போலீஸ்காரர்கள் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். வலது காலை மட்டும் நீட்டி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "மரத்துல மோதின அப்பால கூட அவரு வுடல மாஸ்டர், மிதிச்சிக்கினே இருந்தாரு."

வக்கீல் வீடு

மோட்டார் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு பிரேக்கில் எந்தப் பழுதும் இல்லை என்று எழுதிவிட்டார். குற்றம் இனி இரண்டே பேரில் ஒருவர்மேல்தான் நிற்க முடியும். சரியாகப் பழகாதவரை வண்டியில் ஏற்றியது கம்பெனி, அல்லது நன்றாகப் பழகியும் கவனமில்லாமல் ஓட்டியது மாசிலாமணி. எது என்பதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன். ஆட்டைப் பற்றிச் சொன்னால் அவருக்குத் தண்டனை பாதியாகக் குறையலாம், கம்பெனி மாட்டிக்கொள்ளும், எனக்கு வேலை போகும். எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

கம்பெனி வக்கீல் விழுப்புரத்தில் தன் வீட்டுக்கு என்னை மூன்று நாள் மத்தியானம் வரச்சொன்னார். தயவான மனிதர், மோரெல்லாம் கொடுத்தார், என்னால் குடிக்க முடியவில்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார்: "அவர் நன்றாகப் பழகியிருந்தார், எந்தக் குறையும் நான் பார்க்கவில்லை." முதல் நாள் எனக்குத் திக்கியது. இரண்டாம் நாள் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன், அது கூடாது என்றார். கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டார், கோபமாகக் கேட்டார், சிரித்துக்கொண்டே கேட்டார், எழுந்து போகிற மாதிரி போய்த் திரும்பிக் கேட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது அவர் சொன்னார்: "யோசிச்சா வரக்கூடாது மாஸ்டர், கேட்டதும் வரணும்."

கூண்டு

திண்டிவனம் கோர்ட்டுக்குப் போகும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேதான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். விக்கிரவாண்டி தாண்டும்போது அந்தப் புளியமரத்தைப் பார்த்தேன், முடிவு இன்னும் கெட்டியாயிற்று. பின்வரிசையில் ரோசம்மாள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். நான் வந்தது அவருக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

கூண்டில் ஏறினேன். பயிற்சியில் ஏதாவது குறை தென்பட்டதா என்று அரசாங்க வக்கீல் கேட்டார். "அவர் நன்றாகப் பழகியிருந்தார், எந்தக் குறையும் நான் பார்க்கவில்லை." கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது. என் குரல்தான், ஆனால் அது வரப்போவது எனக்கே தெரியவில்லை.

மாசிலாமணிக்காகப் பேசிய வக்கீல் இளைஞர். மாசிலாமணி அவரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். அவர் எழுந்து, விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது சாட்சிக்கு நினைவிருக்கிறதா என்று நிதானமாகக் கேட்டார். அவசரமே இல்லை. மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். காலை எங்கே வைக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்க எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. நினைவில்லை என்றேன். கூடவே அந்த வாக்கியத்தையும் இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவை வந்தது நாக்கின் பழக்கம். இரண்டாம் தடவை சொன்னது நான். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும், எவ்வளவு காலமானாலும் அது மாறாது.

ஒன்றரை வருஷம் தண்டனை, லைசென்ஸ் ரத்து. நான் கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் அந்த நடவுப் பருவத்திலேயே ரோசம்மாள் வயலில் இறங்கிவிட்டார் என்று கண்டக்டர் சொன்னார். தீர்ப்புச் சொன்ன அன்று கோர்ட் வராந்தாவில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே மாசிலாமணி என்னைக் கடந்து போனார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் நின்று, முன்பெல்லாம் வண்டியைப் பார்ப்பதைப் போல என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"நல்லா பழகிக்கினு வந்திருக்கீங்க மாஸ்டர்."

இத்தனை வருஷத் தொழிலில் நான் பார்த்தவர்களில், மூன்றே நாளில் பிசகில்லாமல் தேறியவன் நான் ஒருவன்தான்.